நினைவுப் பாட்டில்களுக்கு ஏன் விலை ஏறுவதில்லை?

பழைய விஸ்கி பாட்டில் ஒன்று கோடிக்கணக்கில் ஏலம் போனது என்று அவ்வப்போது செய்தி வரும். மறுநாளே யாராவது ஒருத்தர் வீட்டு ஷோகேஸில் இருக்கும் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பி, "இதுக்கு எவ்ளோ வரும் சார்?" என்று கேட்பார். பெரும்பாலும் அது ஏதோ ஒரு அரச குடும்பக் கல்யாணத்துக்காக வெளியிட்ட பீங்கான் பாட்டிலாக இருக்கும். இந்தக் கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரே குறிப்பாக எழுதி வைக்கிறேன். குடிப்பதைப் பற்றிய பதிவு இல்லை இது, விலை எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியது.

முதலில் அடிப்படை. ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்தில் காய்ச்சி, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். ஒரே ஆலையில் பார்லி மால்ட்டில் இருந்து வந்தால் சிங்கிள் மால்ட். பல ஆலைகளின் மால்ட் விஸ்கியையும் தானிய விஸ்கியையும் கலந்தால் பிளெண்டட் ஸ்காட்ச். ஜானி வாக்கர், சிவாஸ் ரீகல், பெல்ஸ், வாட் 69 எல்லாம் இந்த இரண்டாவது வகை. லேபிளில் 21 வருஷம் என்று போட்டால், கலவையில் இருப்பதிலேயே இளசான விஸ்கிக்கு 21 வயசு என்று அர்த்தம். பாட்டிலுக்குள் போனபிறகு வயசு ஏறாது. 1981-ல் அடைத்த 12 வருஷ விஸ்கி இன்றைக்கும் 12 வருஷ விஸ்கிதான். "வைக்க வைக்க ருசி கூடும்" என்பது ஒயினைப் பற்றி யாரோ சொன்னது இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த வகையில் ரொம்பப் பிரபலமானது ராயல் சல்யூட். இரண்டாம் எலிசபெத் முடிசூட்டிக்கொண்ட 1953 ஜூன் 2 அன்று, 21 பீரங்கிக் குண்டு மரியாதையை நினைவூட்ட, 21 வருஷ விஸ்கியாக சிவாஸ் பிரதர்ஸ் வெளியிட்டது. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறிய செய்தி லண்டனில் வெளியானதும் அதே நாள் காலையில்தான். 2003-ல் முடிசூட்டின் 50-வது ஆண்டுக்காக அதே நிறுவனம் 50 வருஷ விஸ்கியை 255 பாட்டில் மட்டும் போட்டது. அதில் முதல் பாட்டிலை ஹிலாரிக்குக் கொடுத்தார்கள்.

அந்த 1953-ல் நம் ஊர் எப்படி இருந்தது? சென்னை மாகாணம் முழுக்க 1948 முதல் மதுவிலக்கு. முதலமைச்சர் ராஜாஜி, 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா முதல்வரானபோதும் மதுவிலக்கைத் தொட மறுத்தார். 1971-ல்தான் முதல்முறை தளர்ந்தது. ஆகவே தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் பழைய ஸ்காட்ச் பாட்டில்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை அல்ல. கப்பலில் வேலை பார்த்தவர், சிங்கப்பூர் மாமா, துபாய் மச்சான் என்று யாரோ டூட்டி ஃப்ரீயில் வாங்கிப் பெட்டியில் கொண்டுவந்தவை. குடித்து முடித்த பாட்டில் ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டிலாகவோ, ஜன்னலில் மணி பிளான்ட் வைக்கவோ போகும். அழகான பாட்டிலை மட்டும் திறக்காமல் ஷோகேஸில் வைப்பார்கள். விலை விஷயத்தில் சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பட்டுப் புடவை நல்ல உதாரணம். பாட்டி காலத்து அசல் வெள்ளி ஜரிகைப் புடவை இன்று கிடைப்பது கஷ்டம். அன்றைக்குக் குறைவாக நெய்தார்கள் என்பது காரணமில்லை. கட்டிக் கிழிந்தது போக, மிச்சத்தை "பழைய பட்டுப் புடவை வாங்குறோம்" என்று வருபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். ஜரிகையை உருக்கி வெள்ளி எடுத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் அழிந்ததால்தான், தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டுக்கு மதிப்பு. யாரும் அதைச் சேகரிப்புப் பொருளாக நெய்யவில்லை, கல்யாணத்துக்குக் கட்ட நெய்தார்கள்.

நினைவுப் பாட்டில் கதை இதற்கு நேர் எதிர். 1981-ல் சார்லஸ்–டயானா கல்யாணத்துக்கு பெல்ஸ் நிறுவனம் மணி வடிவத்தில் ஒரு பீங்கான் பாட்டில் போட்டது. செய்தது இங்கிலாந்தின் பீங்கான் ஊரான ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பக்கத்து வேட் நிறுவனம். பிறகு வில்லியம் பிறப்பு, ராணியின் 60-வது பிறந்தநாள், ஆண்ட்ரூ கல்யாணம் என்று வரிசையாக வந்தது. 1988 முதல் கிறிஸ்துமஸுக்கும் ஒன்று. எல்லாமே வாங்கிப் பத்திரமாக வைப்பதற்கென்றே செய்தவை. வாங்கியவர்களும் சொன்னபடி பத்திரமாக வைத்தார்கள்! 40 வருஷம் கழித்தும் அட்டைப்பெட்டியோடு ஏராளமாக இருக்கின்றன. பிரிட்டிஷ் ஏலங்களில் சாதாரணமாகச் சில பத்து பவுண்டுகளுக்கே போகின்றன. அதே சமயம், 1950-களில் தினசரிக் குடிக்கென்று விற்ற ஒரு சாதாரண பிளெண்டட் ஸ்காட்ச், மூடி திறக்காமல் தப்பியிருந்தால், அது பெரும்பாலும் இவற்றைவிட அதிக விலைக்குப் போகும். மற்றவை எல்லாம் குடித்துத் தீர்ந்துவிட்டன என்பதுதான் காரணம்.

அப்போ கோடி ரூபாய் செய்தி பொய்யா? பொய் இல்லை, சரக்கு வேறு. 2023 நவம்பரில் லண்டன் சாத்பீஸ் ஏலத்தில் சுமார் 22 லட்சம் பவுண்டுக்குப் போனது மக்காலன் 1926. அது சிங்கிள் மால்ட், அந்தப் பீப்பாயில் இருந்து கிடைத்ததே 40 பாட்டில்தான். பிளெண்டட் வகையில் மிக விலை உயர்ந்த ஒன்று என்று பார்த்தால் 2012-ல் ராணியின் 60-வது ஆட்சி ஆண்டுக்கு ஜான் வாக்கர் அண்ட் சன்ஸ் போட்டது. 1952-ல் காய்ச்சிய விஸ்கி, மொத்தமே 60 பாட்டில், ஒன்று ஒரு லட்சம் பவுண்டு. லாபம் கைவினைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு அறக்கட்டளைக்குப் போனது. தறிக்காரர்கள் ஊரில் இருந்து படித்தபோது எனக்குப் பிடித்த விவரம் அதுதான்.

போன வருஷம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். வீட்டுப் பெரியவர் கப்பலில் இன்ஜினியராக இருந்து இறந்துபோனவர். மூன்று பெல்ஸ் பாட்டில்கள்: 1981 கல்யாணம் ஒன்று, 1986-ல் வந்தவை இரண்டு. "ஏம்ப்பா, ஒண்ணொண்ணும் லட்ச ரூபா போகுமாமே, பேத்தி காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்ல?" என்று அந்த அம்மா கேட்டார். வாட்ஸ்அப்பில் யாரோ கிளப்பிவிட்ட கணக்கு.

பீங்கானில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடியாது, எடைதான் போட வேண்டும். சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். முக்கால் லிட்டர் விஸ்கி சுமார் 710 கிராம். மூன்றும் ஒரே கொள்ளளவு. பீங்கான் எடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட 300 கிராம் குறைவு. கிட்டத்தட்ட 40 சதவீதம் போயிருக்கிறது. கார்க் காய்ந்து மே மாத வெயிலில் ஆவியானதா, பேரன்கள் கைவரிசையா என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்தது சட்டம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது விற்பது 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நமக்கு அது நினைவுப் பரிசு, சட்டத்துக்கு உள்ளே இருப்பது மது. வீட்டில் வைத்திருப்பதற்கும் உச்சவரம்பு உண்டு. தபாலில் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பவும் வழியில்லை. "நான் வாங்கிக்கிறேன், பேஸ்புக்ல போடுங்க" என்று சொல்பவரை நம்பி அந்த அம்மா இறங்கியிருந்தால் ஃபீஸும் வராது, போலீஸ் தொல்லைதான் மிஞ்சும். இதை நேராகவே சொல்லிவிட்டேன். முகம் வாடியது. ஆனால் இந்தப் பணத்தை நம்பிக் காத்திருந்த கல்விக் கடன் விண்ணப்பத்தை அந்த வாரமே வங்கியில் கொடுத்தார்கள்.

வீட்டில் இருக்கும் பாட்டிலை நீங்களே சோதிக்கச் சில வழிகள்:

அளவு: பிரிட்டிஷ் பாட்டிலில் 26⅔ அவுன்ஸ் என்றிருந்தால் 1970-களோ அதற்கு முன்போ. 75 சென்டிலிட்டர் என்றால் 1980-கள் பக்கம். 70 என்றால் 1990 வாக்கில் தொடங்கி இன்றுவரை. இந்தியாவில் விற்பது இன்னமும் 750 மி.லி.

வீரியம்: 70 டிகிரி புரூஃப் என்று போட்டிருந்தால் அது இன்றைய 40 சதவீதம். 1980-க்கு முந்தைய பிரிட்டிஷ் லேபிள்.

வைக்கும் முறை: நிமிர்த்தி வைக்கவும். படுக்க வைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். வெயில் படக்கூடாது.

போலி: ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று மெஷினில் வைத்துப் பார்ப்பதுபோல, விஸ்கிக்கும் சோதனை உண்டு. 1950-களின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது பார்லி வழியாக விஸ்கிக்குள் வந்துவிடும். 2018-ல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று இந்த முறையில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 சரக்கு, போலி அல்லது சொன்ன வருஷத்தைச் சேராதது என்று தெரிந்தது. அதனால் விலை உயர்ந்த பிராண்டின் காலிப் பாட்டிலைக் கேட்டு வருபவரிடம் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள். டாஸ்மாக் காலிப் பாட்டிலை 10 ரூபாய்க்குத் திரும்ப வாங்கும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியது குப்பையைக் குறைக்க. இவர் 1,000 ரூபாய் கொடுப்பது வேறு எதற்கோ.

சேகரிக்க ஆசை இருந்தால் தாராளமாகச் சேகரியுங்கள், முதலீடு என்று நினைக்காமல். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த வருஷம் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பெல்ஸ் பாட்டில் உலகத்தில் ஏராளம். உங்கள் தாத்தா அதை எப்படிக் கொண்டுவந்தார் என்ற விவரம் அந்தச் சீட்டில் மட்டும்தான் இருக்கும்.