சிறப்பு விருந்தினரே, எங்களிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்?

சேவை சங்க மாநாடு எந்த ஊரில் நடந்தாலும் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு. மேடையில் குத்துவிளக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை எல்லாம் முடிந்ததும், சிறப்பு விருந்தினர் பேச எழுந்திருப்பார். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருக்கலாம், விளையாட்டு வீரராக இருக்கலாம், பட்டிமன்றப் பேச்சாளராக இருக்கலாம். அரங்கம் சிரிக்கும், கண் கலங்கும், கைதட்டும். பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, சாப்பாடு.

மறுநாள் காலை அந்த மாநாட்டுக்குப் போய் வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். "அருமையாப் பேசினாருங்க!" என்பார். "என்ன பேசினார்?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "அதனால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பேச்சே இருக்காது.

காஞ்சிபுரம் அண்ணா பிறந்த ஊர். ஒரு மேடைப் பேச்சு மனிதர்களை என்ன செய்ய வைக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேவை சங்க மேடைகளிலும் அப்படி ஒரு பேச்சு நடந்திருக்கிறது. நூறு ஆண்டு கடந்தும் அதன் பலன் தமிழ்நாடு வரை வந்துகொண்டிருக்கிறது.

கதவைத் தட்டிய விருந்தினர்

1925-ம் ஆண்டு ஜூன் 30. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சீடர் பாயின்ட் என்ற ஏரிக்கரை ஊரில், நாம் தமிழில் அரிமா சங்கம் என்று சொல்லும் லயன்ஸ் கிளப்பின் சர்வதேச மாநாடு. சங்கம் தொடங்கி அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அன்றைய சிறப்பு விருந்தினர் ஹெலன் கெல்லர். வயது 45.

பிறந்த பத்தொன்பதாவது மாதத்தில் ஒரு காய்ச்சலில் பார்வையையும் கேட்கும் திறனையும் ஒருசேர இழந்தவர். ஆன் சலிவன் என்ற ஆசிரியை உள்ளங்கையில் விரலால் எழுத்துகளை உணர்த்தி அவருக்கு மொழியைக் கற்றுக் கொடுத்தார். 1904-ல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். தன் வாழ்க்கைக் கதையை மட்டும் சொல்லியிருந்தாலே அரங்கம் எழுந்து நின்று கைதட்டியிருக்கும்.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. வாய்ப்பு என்பவள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஒரே ஒரு முறைதான் தட்டுவாள், திறக்காவிட்டால் போய்விடுவாள் என்று ஒரு பழங்கதையைச் சொன்னார். இப்போது நானே அந்த வாய்ப்பாக உங்கள் கதவைத் தட்டுகிறேன் என்றார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பு இல்லாத நாளைக் கொண்டுவர உதவுங்கள், இருளுக்கு எதிரான போரில் பார்வையற்றோரின் வீரர்களாக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் கேட்டது ஒரே ஒரு வேலை. அதைச் செய்யக்கூடியவர்களிடமே கேட்டார். லயன்ஸ் சங்கமும் அந்த வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1930-ல், இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊர் லயன்ஸ் சங்கம் பார்வையற்றவர்களின் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசி, வண்டி ஓட்டுபவர்கள் கண்ணில் படும்படி செய்தது. அந்த வெள்ளைக் கோலை இன்று நம் ஊர் பஸ் நிலையத்திலும் பார்க்கிறோம். 1990-ல் 'சைட்ஃபர்ஸ்ட்' என்ற பெயரில் உலக அளவிலான பார்வைப் பாதுகாப்புத் திட்டத்தை லயன்ஸ் சங்கம் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் உதவி வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று, நம் மதுரை.

பதினோரு படுக்கைகள்

வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றதும் 1976-ல் மதுரையில் ஒரு வீட்டில் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதில் தாக்கிய முடக்குவாதத்தால் அவருடைய கைவிரல்கள் வளைந்து போயிருந்தன. அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர் அவர்.

1992-ல் சைட்ஃபர்ஸ்ட் திட்டத்தின் துணையோடு அங்கே லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிறுவனம் உருவானது. சுருக்கமாக 'லைகோ' என்பார்கள். குறைந்த செலவில் நிறைய பேருக்குத் தரமான சிகிச்சை தருவது எப்படி என்று மற்ற கண் மருத்துவமனைகளுக்குக் கற்றுத்தரும் இடம் இது. வெளிநாடுகளிலிருந்தும் வந்து பயிற்சி எடுத்துப் போகிறார்கள்.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் சிகிச்சை முகாமை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாக்டர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வருவார்கள். இடம் பிடிப்பது, ஊருக்குச் சொல்வது, பந்தல் போடுவது, பெரியவர்களை அழைத்து வருவது, சாப்பாடு போடுவது எல்லாம் உள்ளூர் லயன்ஸ், ரோட்டரி போன்ற சங்கங்களின் பங்கு. மருத்துவமனையால் தனியாக முடியாததைச் சங்கம் செய்கிறது. சங்கத்தால் முடியாததை மருத்துவமனை செய்கிறது.

காஞ்சியிலிருந்து ஒரு சொல்

காஞ்சிபுரத்துக்கே உரிய உதாரணமும் உண்டு. 1976-ல் காஞ்சி காமகோடி பீடத்தின் ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள் மருத்துவர்கள் சிலரிடையே பேசியபோது, சேவை மனப்பான்மையோடு நடக்கும் ஒரு மருத்துவமனை வேண்டும் என்றார். அந்தச் சொல்லை ஏற்று, கண் மருத்துவர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-ல் சென்னையில் தொடங்கியதுதான் சங்கர நேத்ராலயா.

அது சங்க மாநாடு அல்ல. ஆனாலும் சீடர் பாயின்டில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. பேசியவர் 'முயன்றால் முடியாதது இல்லை' என்று பொதுவாகச் சொல்லவில்லை. இன்னது வேண்டும் என்று கேட்டார். கேட்டவர்களில் ஒருவர் செய்து காட்டினார்.

காஞ்சிக்கும் கண்ணுக்கும் பழைய உறவு. வாக்குத் தவறியதால் திருவொற்றியூரில் பார்வை இழந்து, ஊன்றுகோலோடு நடந்து வந்த சுந்தரருக்கு இடக்கண் கிடைத்தது ஏகாம்பரநாதர் சந்நிதியில் என்கிறது பெரியபுராணம். வலக்கண் திருவாரூரில் கிடைத்தது.

தறியில் வரும் வெள்ளெழுத்து

இன்று காஞ்சியில் ஒரு சேவை சங்க மாநாடு நடந்து, சிறப்பு விருந்தினர் ஒரே ஒரு வேலையைக் கேட்பதாக இருந்தால் எதைக் கேட்கலாம்? பிள்ளையார்பாளையத்துத் தறிகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

காஞ்சிப் பட்டு நெசவில் கைக்கும் காலுக்கும் இருக்கும் வேலை கண்ணுக்கும் உண்டு. ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தால், அதைத் தேடிப் பிடித்துப் பிணைக்க வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் கோர்வை பிசகக் கூடாது. புட்டாவில் ஜரிகை தப்பக் கூடாது. தவறு விழுந்தால் பிரித்து மறுபடி நெய்ய வேண்டும். கூலியோ நாள் கணக்கில் இல்லை, நெய்து முடித்த சேலைக் கணக்கில். நேரம் போனால் காசு போச்சு.

நாற்பது வயதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழக்கிறது. தூரம் தெரியும், கிட்டத்தில் இருப்பது மங்கும். செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்குவோமே, அதுதான். வெள்ளெழுத்து என்போம், சாளேசுரம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. இது நோய் அல்ல. நரை மாதிரி, எல்லோருக்கும் வருவது. ஆபீஸ் வேலை செய்பவர் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு அதை மறந்துவிடுகிறார். தறியில் உட்கார்ந்திருப்பவர், 'வயசாயிடுச்சு, இனி நம்மால ஆகாது' என்று நினைத்துவிட்டால்? முப்பது வருடக் கைத்திறன் ஒரு சாதாரணக் கண்ணாடி இல்லாமல் வீணாகும்.

சரியான கண்ணாடி கிடைக்காமல் கிட்டப் பொருள் மங்கலாகத் தெரிபவர்கள் உலகில் 82.6 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. கண்ணாடி போட்டால் வருமானம் கூடுமா? அசாமில் நாற்பது வயதைக் கடந்த 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி தரப்பட்டது. மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு தரப்பட்டது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களோடு ஒப்பிட்டால் 21.7 சதவிகிதம் கூடியிருந்தது. 'லான்செட் குளோபல் ஹெல்த்' மருத்துவ இதழில் 2018-ல் வெளியான முடிவு இது.

இலை பறிப்பதும் பட்டு நெய்வதும் ஒன்றல்லதான். ஆனால் இரண்டிலும் கண் பார்த்தால்தான் கை ஓடும், கை ஓடினால்தான் கூலி.

மாநாடு நடத்துபவர்களுக்குச் சில யோசனைகள்

உங்கள் சங்கத்தில் அடுத்த மாநாட்டுக்கு அழைப்பிதழ் அடிக்கப் போகிறீர்களா? கொஞ்சம் இதையும் யோசியுங்கள்.

* விருந்தினரை அழைக்கும்போதே, "எங்கள் ஊரில் இந்தக் குறை இருக்கிறது. பேச்சின் முடிவில் எங்களிடம் ஒரே ஒரு வேலை கேளுங்கள்" என்று சொல்லுங்கள். பத்து வேலை கேட்டால் ஒன்றும் நடக்காது.

* நெசவாளர் பற்றிப் பேசும் மாநாட்டில் ஒரு நெசவாளரும் மேடையில் பேசட்டும். கண் மங்கிய பிறகு கோர்வை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த அம்மாவோ ஐயாவோ ஐந்து நிமிடம் சொன்னால் போதும், சபைக்குப் புரிந்துவிடும்.

* முகாம் தேதியை மேடையிலேயே அறிவியுங்கள். யார் பொறுப்பு, எந்தத் தெரு, எந்த மருத்துவமனை என்பதும் அன்றே முடிவாகட்டும். கைதட்டல் அடங்குவதற்குள் பெயர் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

* கண்ணாடியை மொத்தமாக வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். முறைப்படி பரிசோதனை வேண்டும். மங்கலுக்குக் காரணம் கண்புரையாக இருக்கலாம். கண் நீர் அழுத்தம் அறிகுறி காட்டாமலே பார்வையைப் பறிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

* புத்தகம் படிக்கும் தூரமும் தறியில் துணியைப் பார்க்கும் தூரமும் ஒன்றல்ல. நெசவாளரைத் தறியில் உட்கார வைத்து, கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தை அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். படிக்கும் தூரத்துக்கான கண்ணாடி தறிக்கு ஒத்துவராமல் அலமாரிக்குப் போய்விடும்.

* வெள்ளெழுத்துக்கான பவர் வயதோடு மாறும். ஒரு முறை முகாம் நடத்தியதோடு முடியாது. இரண்டு வருடம் கழித்து அதே தெருவுக்கு மறுபடி போக வேண்டும்.

மாநாட்டுக்குப் பார்வையாளராகப் போகும் நமக்கும் ஒரு வேலை உண்டு. கேள்வி நேரம் வந்தால், "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்காமல், "எங்களால் என்ன ஆக வேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்கலாம். நல்ல பேச்சாளர் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

சங்கமே வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டில் அம்மா ஊசியில் நூல் கோர்க்க இரண்டு மூன்று முறை தடுமாறுகிறாரா? அப்பா செல்போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறாரா? இந்த வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.