பதினேழு சதவீதத் தண்ணீர்

அரசு நெல் வாங்கும்போது நெல்லோடு தண்ணீரையும் சேர்த்தே வாங்குகிறது. 100 கிலோவில் 17 கிலோ வரை தண்ணீர் இருக்கலாம். மண், கல் வகையறா 1 சதவீதம், பதர், வைக்கோல் துணுக்கு, களை விதை வகையறா 1 சதவீதம் என்று அவற்றுக்கும் இடமுண்டு. முற்றாமல் சுருங்கிய மணி 3 சதவீதம். சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்ந்து 5 சதவீதம். சன்ன ரகத்துக்குள் பொது ரகம் கலந்திருந்தால் 6 சதவீதம் வரை பொறுத்துக்கொள்வார்கள். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் நடப்பது ஒன்றிய அரசு வகுத்த இந்தத் தர விதிகளின்படிதான். விவசாயி இதை விலையைத் தீர்மானிக்கும் பட்டியலாகப் பார்க்கிறார். வேதியியல் ஆசிரியர் கண்ணில் பட்டால், இது ஒரு கலவையின் பகுப்பாய்வு அறிக்கை.

உலகத்திலுள்ள பொருள்களையெல்லாம் வேதியியல் முதலில் இரண்டு கூறாகப் பிரிக்கிறது: தூய பொருள், கலவை. தங்கம், இரும்பு போன்ற தனிமங்களும் தண்ணீர், உப்பு போன்ற சேர்மங்களும் தூய பொருள்கள். சேர்மத்தில் விகிதம் மாறாது. கல்லணையில் மொண்டாலும் மேட்டூரில் மொண்டாலும் 18 கிராம் தூய நீரில் 2 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். கலவைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எதை எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம். கலந்தவை தத்தம் குணத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கும், இயற்பியல் முறைகளாலேயே பிரிந்தும் வரும்.

பள்ளியில் இதை விளக்க இரும்புத் தூளையும் கந்தகத்தையும் கலந்து காட்டுவார்கள். காந்தம் வைத்தால் இரும்பு தனியே வந்துவிடும். சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகிவிடும். அதற்குப் பிறகு காந்தத்தால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல சோதனைதான். ஆனால் மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ படிக்கிற பிள்ளை கந்தகத்தை வேறெங்கே பார்க்கப்போகிறது? அது பிறந்ததிலிருந்து பார்ப்பது களம். காற்றடிக்கும் திசை பார்த்துத் தூற்றினால் கனத்த மணி நேரே விழுகிறது, பதர் தள்ளிப்போய் விழுகிறது. சல்லடையில் மண் இறங்குகிறது. விதை நெல் தேர்ந்தெடுக்கும்போது, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பொக்கு மேலே வந்துவிடும், திரண்ட விதை அடியில் தங்கும். உப்புக் கரைசல் ஒருபடித்தான கலவை, அதாவது எந்தச் சொட்டை எடுத்தாலும் ஒரே மாதிரி. நெல் குவியல் பலபடித்தான கலவை, கைக்குக் கை மாறும். ஒருவகைக் கலவையைக் கொண்டு இன்னொரு வகைக் கலவையைப் பிரிக்கும் இந்த வேலையைப் பாடப்புத்தகத்தில் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

மண்ணும் பதரும் கண்ணுக்குத் தெரிபவை. வம்பு எல்லாம் தண்ணீரில்தான்.

அரிசியில் பெரும்பகுதி ஸ்டார்ச். அது ஒரு சேர்மம்: 6 கார்பனுக்கு 10 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் என்ற விகிதம். அந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் இருக்கிற அதே விகிதத்தில் இருப்பதைக் கவனியுங்கள். கணக்குப் பார்த்தால் ஸ்டார்ச்சின் எடையில் பாதிக்கு மேல் இவைதான். சர்க்கரையின் கதையும் ஏறக்குறைய இதேதான். அதன் மேல் அடர் கந்தக அமிலத்தை ஊற்றினால் நீர் பறிபோய்க் கரி நிற்கும். அப்படியானால் நெல்லில் தண்ணீர் 17 சதவீதமா, அதைவிடப் பல மடங்கா? கொள்முதல் நிலையம் கணக்கில் எடுப்பது கலவையாக உள்ளே தங்கியிருக்கும் தண்ணீரை மட்டும். சேர்மமாகக் கட்டுண்டிருப்பது தண்ணீரே அல்ல, அது ஸ்டார்ச்.

சொல்வது சுலபம், பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை. மணிக்குள் இருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு தளர்வாக இருக்கிறது, வெயில் பட்டதும் போய்விடும். இன்னொரு பங்கு ஸ்டார்ச், புரதம் இவற்றோடு ஒட்டிக்கொண்டு லேசில் விடாது. அதையும் விரட்டச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஸ்டார்ச்சே சிதையத் தொடங்கும். அதனால்தான் ஆய்வகங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கின்றன: அரைத்த தானியத்தை சுமார் 130 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைக்க வேண்டும், குறைந்த எடைதான் ஈரப்பதம். சூட்டையும் நேரத்தையும் மாற்றினால் விடையும் கொஞ்சம் மாறும். கலவை எங்கே முடிகிறது, சேர்மம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை இந்த இடத்தில் மனிதர்கள் கூடிப் பேசித்தான் போட்டிருக்கிறார்கள்.

கொள்முதல் நிலையத்தில் அப்படிச் சூடாக்க அடுப்பு கிடையாது. ஈரப்பதமானி இருக்கிறது. அது தண்ணீரை எடை போடுவதில்லை. நெல்லின் மின் குணத்தை அளந்து, அதிலிருந்து ஈரத்தை ஊகிக்கிறது. தண்ணீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80. உலர்ந்த தானியத்தினுடையது அதில் சிறு பங்குதான். ஆகவே ஈரம் சிறிது ஏறினாலும் கருவிக்குத் தெரிந்துவிடும். ஆனால் நெல்லின் ரகம், அதன் சூடு, கருவிக்குள் எவ்வளவு இறுக்கமாக நிரப்பினார்கள் என்பதெல்லாம் எண்ணைப் பாதிக்கும். நேரத்துக்கு நேரம் சரிபார்க்காத மானி சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதற்கில்லை.

கருவி சரியாகவே இருந்தாலும் குவியல் இருக்கிறது. ஒரே கதிரில் நுனி மணி முதலில் முற்றும், அடி மணி பின்னால் முற்றும். கையறுப்புக் காலத்தில் அரிகள் வயலில் காய்ந்து, கட்டுக் கட்டி, களத்தில் போரடிக்கும்வரை ஈரம் கொஞ்சம் சமப்படும். இப்போது அறுவடை இயந்திரம் பச்சையும் பழுப்புமாக ஒரே மூச்சில் அள்ளித் தொட்டியில் கொட்டுகிறது. சாலையோரத்தில் காயப்போட்டால் மேல் பரப்பு காய்ந்து அடி நசநசவென்று கிடக்கும். பலபடித்தான கலவைக்கு ஒரு பிடி மாதிரி சாட்சி சொல்லாது. மாதிரி எடுக்கும் குத்தூசி எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்து 16-ம் வரும், 19-ம் வரும்.

இந்த ஈர நெல் தகராறு தஞ்சைக்குப் புதிதல்ல. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் முட்டிக்கொள்வதால், ஈர நெல்லை எப்படிக் காப்பது என்று ஆராய்வதற்கென்றே 1967-ல் திருவாரூரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலையை ஒட்டிய சிறு கூடம் அது. 1972-ல் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. பிறகு தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக நிற்கிறது. உலர்த்த வழியில்லாத மழை நாளில் ஈர நெல்லோடு உப்பும் உமியும் கலந்து வைத்தால் சில நாள் முளைக்காமல் காக்கலாம் என்பது வேளாண் துறையினர் சொல்லும் வழி. உப்பு ஈரத்தை இழுக்கும், உமி உறிஞ்சிக்கொள்ளும். கலவையைக் காப்பாற்ற அதில் இன்னும் இரண்டு பொருளைக் கலக்கிறோம்! காய்ந்த பின் தூற்றினால் உமி போய்விடும்.

ஏன் 17? ஈரம் மிகுந்தால் மணி மூச்சு விடும், குவியல் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுத்துப்போகும். அரைப்பதற்கு உகந்தது 14-ஐ ஒட்டிய ஈரம். இந்தக் காரணங்களில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண் இயற்கை எழுதியதல்ல என்பதற்கு அரசாணைகளே சான்று. 2022 அக்டோபரில் தமிழகத்துக்கு 19 வரை தளர்த்தினார்கள். 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழை சம்பா, தாளடியைச் சாய்த்தபோது டெல்டாவுக்கு 20 வரை. 2025 மழையில் மாநில அரசு 22 கேட்டது, ஒன்றிய அரசு மறுத்துவிட்டது. நெல் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை.

இதில் விவசாயிக்கு என்ன கைவிட்டுப் போகிறது? 22 சதவீத ஈரத்தில் 40 கிலோ சிப்பம் ஒன்று என்றால், அதில் உலர்ந்த பொருள் 31.2 கிலோ. 17-க்குக் காயவைத்தால் சிப்பத்தின் எடை 37.6 கிலோவாகிவிடும். பலர் நினைப்பதுபோல் 5 சதவீதம் குறைவதில்லை, 6 சதவீதம் குறைகிறது. மொத்த எடையும் சேர்ந்து சுருங்குவதால் வரும் வித்தியாசம் இது. 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டால் 2,500 ரூபாய், அதாவது சிப்பம் 1,000 ரூபாய். ஆவியாகிப் போனது 60 ரூபாய். அந்தத் தண்ணீருக்கு அரசு காசு கொடுக்காதது நியாயமே. ஆனால் காயவைக்கக் கூரையோ உலர்த்தும் இயந்திரமோ இல்லாத நிலையத்தில், விவசாயியின் நெல்லை நாள் கணக்கில் மழையில் காக்கவைத்து மறுபடி ஈரமாக்கிவிட்டு, அந்த ஈரத்துக்கும் அவரையே பொறுப்பாக்குவதில் எந்த நியாயமும் இல்லை.

அடுத்த முறை கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் மாதிரி எடுத்து, நன்றாகக் கலந்து, உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். மானியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்றும் கேளுங்கள்.