சொடுக்கினாலும் பக்கம் நகரவில்லையா? பொருளடக்க இணைப்புகள் மக்கர் செய்வது ஏன்?

நீண்ட கட்டுரை. மேலே பொருளடக்கம். வேண்டிய தலைப்பைச் சொடுக்குகிறீர்கள். ஒண்ணும் நடக்கல. மறுபடியும் சொடுக்குகிறீர்கள். ம்ஹூம்...

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருவர் அண்மையில் இப்படித்தான் தவித்தார். தைத் திருநாள் பற்றி அவர் செய்த இணையப்பக்கத்தை மறுநாள் ஒப்படைக்கவேண்டும். "கரும்பு", "மஞ்சள்" இணைப்புகள் வேலை செய்தன. "பொங்கல்", "கோலம்" இரண்டும் அசையவே இல்லை.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

பக்கத்திலுள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் ஐடி, அதாவது அடையாளப் பெயர், கொடுக்கப்படும். இணைப்பில் # குறியைப் போட்டு அதே பெயரை எழுதவேண்டும். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தினால்தான் உலாவி அங்கே தாவும்.

# குறிக்குப் பிறகு வருவதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயர் தவறாக இருந்தாலும் "பக்கம் கிடைக்கவில்லை" என்ற செய்தி வராது. சத்தமில்லாமல் சும்மா இருந்துவிடும்.

முதலில் எதைப் பார்ப்பது?

முகவரிப் பட்டையைப் பாருங்கள். சொடுக்கியதும் முகவரி மாறுகிறது, பக்கம் மட்டும் நகரவில்லை என்றால் பெரும்பாலும் ஐடி பொருந்தவில்லை. பக்கத்தின் உச்சிக்கே போகிறதா? # குறிக்குப் பிறகு பெயரே இல்லாமல் இருக்கலாம். வேறு பக்கம் திறக்கிறதா? # குறியே விடுபட்டிருக்கலாம்.

ஆங்கில ஐடி என்றால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஐடிக்குள் இடைவெளி கூடாது. ஒரே ஐடி இரண்டு இடங்களில் இருந்தால் முதல் இடத்துக்குத்தான் போகும். பழைய தலைப்பை நகலெடுத்துப் புதியது செய்யும்போது இது அடிக்கடி நடக்கும்.

தமிழுக்கே உரிய சிக்கல்

அந்தப் பெண்ணின் பக்கத்தில் இவையெல்லாம் சரியாகவே இருந்தன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் கணினிக்கு?

யூனிகோடில் "பொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் வகையில் "பொங்கல்" 7 குறியீடுகள், இரண்டாவதில் 8. ஐடியைத் தேடும் உலாவி இவற்றை ஒன்றாகக் கருதாது. "கோ", "கௌ" போன்றவற்றுக்கும் இதே கதைதான். "கரும்பு" தப்பித்தது அதனால்தான்!

அவர் பொருளடக்கத்தைப் பழைய கோப்பு ஒன்றிலிருந்து ஒட்டியிருந்தார். தலைப்புகளைப் புதிதாகத் தட்டச்சு செய்திருந்தார். இரண்டும் இரண்டு வகை.

சோதிக்க எளிய வழி உண்டு. "பொ"வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். பல செயலிகளில், "ப" மிஞ்சினால் ஒரே குறியீடு. "பெ" மிஞ்சினால் இரண்டு.

தலைப்பு தமிழில் இருக்கட்டும். ஐடியை மட்டும் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைப்பதே என் பழக்கம். பகிரவும் வசதி. தமிழ் ஐடி உள்ள முகவரியை நகலெடுத்தால் "பொங்கல்" என்ற ஒரு சொல்லே 63 எழுத்து நீளத்துக்குச் சதவீதக் குறிகளாக மாறிவிடலாம். வாட்ஸ்அப்பில் பார்ப்பவர் பயந்துபோவார்!

தாவுகிறது, ஆனால் தலைப்பைக் காணோம்!

மேலே ஒட்டிக்கொண்டே நிற்கும் பட்டை தலைப்பை மறைத்திருக்கும். சிஎஸ்எஸ்ஸில் ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப் என்ற பண்பை அந்தத் தலைப்புக்குக் கொடுத்தால் போதும். படங்கள் தாமதமாக வந்து பக்கத்தைக் கீழே தள்ளினால், அவற்றின் அகல உயரத்தை முன்கூட்டியே குறிப்பிட்டுவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் திரைவாசிப்பான் மூலம் பக்கத்தைக் காதால் கேட்கிறார்கள். சிலர் சுட்டி இல்லாமல் விசைப்பலகையை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு இந்த இணைப்புகள் மின்தூக்கி மாதிரி. பழுதானால் எல்லா மாடியையும் ஏறித்தான் போகவேண்டும்.

பக்கத்தை ஒப்படைக்கும் முன் சுட்டியை ஓரமாக வைத்துவிட்டு, டேப், என்டர் விசைகளை மட்டும் பயன்படுத்தி ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அதற்கு 2 நிமிடங்கூட ஆகவில்லை.