கேமரன் மலை ரோஜா கீழே வந்தால்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் செல்வோர் திரும்பி வரும்போது, காய்கறிப் பைகளோடு ஒரு ரோஜாச் செடியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதுண்டு. வாங்கும்போது அதில் நான்கைந்து பூக்களும் அவற்றைவிடக் கூடுதலான மொட்டுகளும் இருக்கும். வீட்டில் முதல் வாரம் எல்லாம் அழகாகவே இருக்கும். பிறகு மொட்டுகள் சிறுத்துப்போகும். இலைகளில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். சில மாதங்களில் முள்ளும் குச்சியும் மட்டுமே மிஞ்சும். "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பூச்சாடியில் கறிவேப்பிலையை நட்டுவிடுவோர் பலர். உண்மையில் கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. செடி எந்த இடத்தை விட்டு வந்தது, எந்த இடத்திற்கு வந்து சேர்ந்தது என்பதை அறிந்துகொண்டால், அது ஏன் வாடுகிறது என்பதும் அதை எப்படிக் காப்பாற்றலாம் என்பதும் விளங்கும்.

கேமரன் மலையின் சிறு நகரங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. அங்குப் பகல் வெப்பம் 25 பாகை செல்சியஸைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. இரவில் நல்ல குளிர். ஈப்போவிலோ கிள்ளானிலோ பகல் வெப்பம் 33 பாகையைத் தொடுகிறது. இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இந்த இரவு வெப்பம்தான் ரோஜாவுக்குப் பெரிய சோதனை. செடி பகலில் ஒளிச்சேர்க்கையின்வழி உணவைத் தயாரிக்கிறது. இரவு பகல் எந்நேரமும் சுவாசித்து அந்த உணவைச் செலவழிக்கிறது. வெப்பம் கூடினால் சுவாசமும் விரைவாகும். பகலெல்லாம் சேர்த்ததை வெப்பமான இரவு தின்றுவிடுவதால், பூவுக்கென எஞ்சுவது குறைகிறது. அதனால்தான் மலையில் பெரிதாகப் பூத்த அதே செடி கீழே சிறிய பூக்களைத் தருகிறது. அவையும் விரைவில் விரிந்து உதிர்ந்துவிடுகின்றன. இது நோயன்று. இதற்காகக் கவலைப்பட்டு உரத்தை அள்ளிக் கொட்டுவதால்தான் பல செடிகள் மடிகின்றன.

இன்னொரு செய்தியையும் பலர் கவனிப்பதில்லை. கேமரன் மலையில் பல பூந்தோட்டங்களுக்கு நெகிழிக் கூரை போடப்பட்டிருக்கிறது. அந்தக் கூரையின் கீழ் வளரும் செடியின் இலைமேல் மழைத்துளி விழுவதில்லை. அதே செடி நம் வீட்டு முற்றத்திற்கு வந்ததும் மாலைதோறும் பெய்யும் மழையில் நனைகிறது. இரவு முழுவதும் ஈரத்தோடு நிற்கிறது. கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. இலையில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஈரம் நீடித்தால்தான் அந்தப் பூஞ்சையின் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய முடியும். அதற்கு முன்பே இலை உலர்ந்துவிட்டால் நோய் தொற்றாது. ரோஜா வளர்ப்பில் நாம் செய்ய வேண்டிய பாதி வேலை இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

ஆகவே, செடியைக் காலை வெயில் நேராக விழும் இடத்தில் வைக்க வேண்டும். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது தேவை. மாலை வெயிலைவிடக் காலை வெயில் சிறந்தது. அது இரவின் ஈரத்தை விரைவில் உலர்த்திவிடும். சாடிகளை நெருக்கி வைக்காமல் காற்றுப் புகும்படி இடைவெளி விடுவது நல்லது. வாசலில் கூரை நீட்டிக்கொண்டிருந்தால், அதன் விளிம்பில் மழை படாமலும் வெயில் படும்படியும் வைக்கலாம். தண்ணீரைக் காலையில், செடியின் அடியில் ஊற்ற வேண்டும். மாலையில் குழாயைத் திருகி இலைமேல் தண்ணீரைப் பீய்ச்சுவது நோய்க்கு விருந்து வைப்பதாகும்.

வாங்கி வந்த அன்றே செடியை வேறு சாடிக்கு மாற்றக்கூடாது. பயணமும் புதிய வெப்பமும் அதற்கு ஏற்கனவே அதிர்ச்சிதான். ஒரு வாரம், பத்து நாள் வெளிச்சமான நிழலில் வைத்துப் பிறகு மெல்ல வெயிலுக்குப் பழக்கலாம். புதிய சாடி 30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உடையதாக இருந்தால் வேருக்குப் போதிய இடம் கிடைக்கும். வெறும் தோட்டத்து மண் மழையில் இறுகிவிடும். அதனோடு மக்கிய உரமும் உமிக்கரியும் கலந்தால் நீர் தேங்காமல் வடியும். வேருக்குத் தண்ணீர் மட்டுமன்று, காற்றும் வேண்டும். மண்ணுள் விரலை நுழைத்துப் பாருங்கள். இரண்டு கணு ஆழம்வரை உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

சாடியின் அடியில் தட்டு வைக்கும் பழக்கம் நம் நாட்டில் வெறும் தோட்டக்கலைச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. தட்டில் தேங்கும் தெளிந்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்த முட்டை ஏழு முதல் பத்து நாள்களுக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது இக்கொசுவே. வீட்டில் கொசுப்புழுக்கள் காணப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வீட்டார்மீது நடவடிக்கை எடுக்க முடியும். நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்; மீண்டும் நீர் பட்டதும் பொரியும். எனவே, தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. ரோஜாவின் வேருக்கும் அதுவே நலம்.

கரும்புள்ளி தோன்றிய இலையை உடனே கிள்ளி, உதிர்ந்த இலைகளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். மண்மேல் விட்டுவைத்தால், மழைத்துளி தெறிக்கும்போது நோய் அடுத்த இலைக்கு ஏறும். இளந்துளிரில் கூட்டமாக ஒட்டியிருக்கும் அசுவினிப் பூச்சிகளைக் காலை நேரத்தில் தண்ணீர் பீய்ச்சியே விரட்டிவிடலாம். வெயிலில் இலைகள் விரைவில் உலர்ந்துவிடும். பொறிவண்டு வந்திருந்தால் அதை விரட்டாதீர்கள். அசுவினிதான் அதன் உணவு.

உரத்தைப் பொறுத்தவரை, அடிக்கடி பெய்யும் மழை சாடியிலுள்ள சத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் ஒரே முறையில் நிறைய இடுவதைவிட இரு வாரங்களுக்கு ஒருமுறை சிறிதளவு இடுவதே சிறந்தது. மக்காத கோழி எருவை இட்டால் வேர் கருகிவிடும். முட்டை ஓடு போட்டால் ரோஜா பூத்துக் குலுங்கும் என்று சொல்வார்கள். ஓடு மண்ணில் கரைவதற்கு நீண்ட காலம் பிடிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பாலும் சீனியும் கலந்த தேயிலைச் சக்கையோ எறும்பைத்தான் அழைத்துவரும்.

குளிர்நாட்டு ரோஜாக்கள் பனிக்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும். நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. செடி ஆண்டு முழுவதும் வளர்ந்து களைத்துப் போகிறது. கிளைகளை வெட்டிச் சீராக்குவதன்வழி நாம் அதற்குப் புத்துயிர் அளிக்கலாம். இதனைக் கவாத்து என்பர். தேயிலைத் தோட்டங்களிலும் வழங்கும் சொல் இது. ஆண்டுக்கு ஓரிரு முறை, காய்ந்த கிளைகளையும் குறுக்காக வளர்ந்தவற்றையும் நீக்கி, செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். வாடிய பூவையும் விட்டுவைக்கக்கூடாது. அதன் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே கூர்மையான கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். அங்கிருந்து கிளைக்கும் துளிர் ஏறக்குறைய ஆறு வாரங்களில் பூக்கும். மொட்டு வெளிப்புறம் நோக்கிய இடமாகத் தேர்ந்தெடுத்தால் செடியின் நடுவில் காற்றுப் புகும்.

கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. காட்டு ரோஜாவின் வேர்ப்பகுதியில் அழகிய பூ தரும் வகையை ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடம் தண்டின் அடியில் சிறு புடைப்பாகத் தெரியும். அதற்குக் கீழே முளைக்கும் கிளை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அது காட்டு ரோஜாதான். அதை அடியோடு நீக்காவிட்டால், மேலே இருக்கும் செடியின் உணவையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும்.

கவாத்தில் வெட்டிய தண்டுகளையும் எறிந்துவிட வேண்டியதில்லை. பூத்து முடித்த, பென்சில் பருமனுள்ள தண்டை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈரமான மண்ணில் பாதி புதையும்படி நட்டு நிழலில் வைக்கலாம். சில வாரங்களில் துளிர் வரும். அதைக் கண்டு மகிழ்ந்து உடனே வெயிலுக்கு மாற்றிவிட வேண்டாம். தண்டில் சேமித்திருந்த உணவைக் கொண்டே துளிர் வந்திருக்கக்கூடும். தண்டை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றால், வேர் விட்டிருக்கிறது என்று பொருள்.