மாலத்தீவும் மாறிவரும் கடலும்

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு போவது நேற்று இன்று தொடங்கியதல்ல. வெங்காயம், காய்கறி, சிமெண்ட், ஜல்லி என ஏற்றி அனுப்பிய குடும்பங்கள் நம் வணிகர்களிடையே பல உண்டு. அந்நாடு கடலில் மூழ்கப் போகிறது என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்திய படத்தையும் பார்த்தோம். தீவில் கடை வைத்திருப்பவருக்கு இது வேறு விதமாகத் தெரிகிறது. கிணறு உப்பாகிறதா, மீன் வருகிறதா, சரக்குப் படகு நாளைக்கு வந்து சேருமா என்பவையே அவர் கவலை.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள்; மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும்.

பருவம் பார்க்க அவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. நம் 27 நட்சத்திரங்களேதான்! ஆண்டை 13, 14 நாள் கொண்ட 27 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அசுவினி அங்கே 'அஸ்ஸிதா', ரோகிணி 'ரோனு'. தென்மேற்குப் பருவம் 'ஹுளங்கு' ஏப்ரலில் அஸ்ஸிதாவுடன் தொடங்கும். வடகிழக்குப் பருவம் 'இருவை' டிசம்பரில் மூலத்துடன் பிறக்கும். மீன்பிடிப்பு, பயணம், விதைப்பு எல்லாம் இதைப் பார்த்தே நடந்தன. இப்போது மழையும் காற்றும் கணக்குக்கு நிற்பதில்லை என்று முதிய மீனவர்கள் சொல்கிறார்கள். சூரை மீனைப் பிடித்து வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காய வைத்தால்தான் மாசி. காய வைக்கும் நாளில் மழை பெய்தால் யாருக்கு நஷ்டம் என்பதை கருவாட்டு வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரை அரிப்பைப் பற்றி அவர்கள் சொல்வதும் கவனிக்கத்தக்கது. ஒரு பருவத்தில் ஒரு பக்கம் போகும் மணல் அடுத்த பருவத்தில் திரும்பி வருவது அங்கே இயற்கை. படகுத்துறை கட்டித் தடுத்த பிறகுதான் போன மணல் திரும்பவில்லை என்று பல தீவுகளில் குறை கூறுகிறார்கள். எல்லாப் பழியையும் உலக வெப்பத்தின் மேல் போட அவர்கள் தயாராக இல்லை. அதில் நியாயமும் இருக்கிறது.

தண்ணீர்தான் பெரிய பாடு. பெய்த மழை நிலத்தடியில் உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அதுவே கிணற்று நீர். அலை ஊருக்குள் புகுந்தால் அது கெடும். 2004 டிசம்பர் சுனாமியில் பல தீவுகளில் கிணறுகள் கெட்டன. கந்தொளுதூ தீவு மக்கள் ஊரையே விட்டு, சில ஆண்டுகளில் துவாஃபரு தீவில் குடியேறினார்கள். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வைப்பது அதன் பின் இன்னும் பரவியது. தலைநகர் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் உண்டு. அங்கே 2014 டிசம்பர் 4ந் தேதி தீப்பிடித்தபோது நகரமே தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பியது.

1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேயில் புகுந்த பின் ஜப்பான் உதவியுடன் நகரைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுந்தது. 1997இல் கடலை மேடாக்கி, சுமார் 2 மீட்டர் உயரத்தில் ஹுளுமாலே என்ற புதிய தீவை உருவாக்கத் தொடங்கினார்கள். முன்பு பவளப் பாறையை வெட்டித்தான் வீடு கட்டுவார்கள். பாறை போனால் அலையைத் தடுக்க எதுவும் இல்லை என்பது தெரிந்து அதற்குக் கட்டுப்பாடு வந்தது. பவளக் கல்லின் இடத்தில் சிமெண்ட் கல் வந்தது. அதற்கு மணலும் ஜல்லியும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்கு இந்திய அரசு மாலத்தீவுக்கு ஆற்றுமணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன் என ஏற்றுமதி அளவு நிர்ணயித்தது. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், முட்டைக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. அவர்கள் பவளப் பாறையைக் காக்க நம் ஆற்றைத் தோண்ட வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காற்று மாறிப் படகு தாமதித்தால் வெளித்தீவுக் கடைகளில் காய்கறி முதலில் தீரும். ஆகவே அங்குள்ள கடைக்காரர் அரிசி, மாவு, டின் மீன் போன்ற கெடாத சரக்கைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறார். அவருக்குச் சரக்கு அனுப்பும் நம் வணிகர்கள் பில் போடும்போது, மூட்டை நனையாத கட்டுமானத்தையும், தாமதம் ஏற்பட்டால் நஷ்டம் யாரைச் சேரும் என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது நல்லது.