வீட்டுக் கல்விக்குச் சட்டத்தில் இடம் உண்டா? சிங்கப்பூர், இலங்கை, நம் ஊர்

ஜும்ஆ முடிந்து சுன்னத் தொழுது எழுந்தபோது சகோதரர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொன்னார். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் ஒலக்கூருக்கு வந்திருந்தார்.

"ஹஜ்ரத், மகளை ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே ஹிஃப்ளு ஓத வைக்கலாம் என்று இருக்கிறோம். பள்ளிப் பாடத்தை அவள் அம்மா சொல்லிக்கொடுப்பார். சிங்கப்பூரில் இதற்குச் சட்டத்திலேயே அனுமதி இருக்கிறது. இங்கே ஏதும் பிரச்சினை வருமா?"

இதே கேள்வியைத் திண்டிவனம், விழுப்புரம் பகுதிப் பெற்றோர் பலரும் சமீப காலமாகக் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்து வீட்டுக் கல்வியில் ஆர்வம் கொள்கிறார்கள். பிள்ளை குர்ஆனை மனனம் செய்ய வேண்டும் என்ற ஆசை பாராட்டத்தக்கது. ஆனால் அந்தச் சட்டங்கள் என்ன அனுமதிக்கின்றன, பதிலுக்கு என்ன கேட்கின்றன என்பதை முழுமையாக அறிந்துகொண்டு முடிவெடுப்பதே பிள்ளைக்கு நல்லது.

சிங்கப்பூரின் நிபந்தனைகள்

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 2003 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கே வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகள், 6 வயதைக் கடந்து 15 வயதை எட்டாதவர்கள், தேசியத் தொடக்கப் பள்ளியில் படித்தாக வேண்டும். தகுந்த காரணமின்றி அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறும் பிள்ளைகளில் முக்கியமான இரு பிரிவினர் உண்டு. அங்குள்ள ஆறு முழுநேர மத்ரஸாக்களில் படிப்பவர்கள் ஒரு பிரிவினர். வீட்டிலேயே படிப்பவர்கள் மற்றொரு பிரிவினர். நம் சகோதரர் சொன்ன அனுமதி இந்த இரண்டாவது விலக்குதான்.

ஆனால் அது தானாகக் கிடைத்துவிடாது. பெற்றோர் கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். என்ன பாடம், யார் சொல்லிக்கொடுப்பார், அவருடைய கல்வித் தகுதி என்ன என்று எழுதித் தர வேண்டும். ஆண்டுதோறும் பிள்ளையின் முன்னேற்றத்தை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். தொடக்கப் பள்ளியின் இறுதியில் எல்லாப் பிள்ளைகளும் எழுதும் தேசியத் தேர்வை இவர்களும் எழுத வேண்டும். அதிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. தேசியப் பள்ளிகளில் அதே நான்கு பாடங்களை எழுதிய பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து நூற்றுக்கு 33ஆவது இடம் எதுவோ அந்த அளவையாவது வீட்டில் படித்த பிள்ளை எட்ட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், பிள்ளை எங்கே படிக்கிறது என்பதில் சிங்கப்பூர் அரசு விட்டுக்கொடுத்தது. என்ன படித்தது என்பதற்குக் கணக்குக் கேட்பதில் விட்டுக்கொடுக்கவில்லை.

மத்ரஸாக்கள் சந்தித்த சோதனை

இந்தச் சட்டம் வரப்போகிறது என்றபோது சிங்கப்பூர் முஸ்லிம்கள் கலங்கினார்கள். 1912இல் தொடங்கிய அல்சகோஃப் மத்ரஸா, 1927இல் தொடங்கிய அல்ஜுனைத் மத்ரஸா போன்றவை தலைமுறைகளாக ஆலிம்களை உருவாக்கியவை. அவை மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. நீண்ட பேச்சுக்குப் பிறகு மத்ரஸாக்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் அவற்றின் மாணவர்களும் தொடக்கப் பள்ளித் தேசியத் தேர்வில் குறிப்பிட்ட தரத்தை எட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2008 முதல் நடைமுறைக்கு வந்தது.

மத்ரஸாக்கள் அந்தச் சவாலை ஏற்றன. 2009 முதல் மூன்று மத்ரஸாக்கள் பணியைத் தமக்குள் பிரித்துக்கொண்டன. அல்இர்ஷாத் தொடக்கக் கல்வியையும், அல்ஜுனைத், அல்அரபிய்யா இரண்டும் உயர்நிலைக் கல்வியையும் எடுத்துக்கொண்டன. ஒரே வேலையை மூவரும் அரைகுறையாகச் செய்வதைவிட, ஆளுக்கொன்றை நிறைவாகச் செய்வது என்று முடிவெடுத்தார்கள்.

சிங்கப்பூரில் நம் தமிழ் முஸ்லிம்களுக்கும் கல்வி வரலாறு உண்டு. கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆங்கிலவழிக் கல்வியின் பக்கம் பெற்றோர் திரும்பியபோது மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1982இல் மூடப்பட்டது. சமுதாயம் ஆசையோடு கட்டிய பள்ளியும், பெற்றோர் தங்கள் பிள்ளையின் எதிர்காலத்திற்கு அது போதாது என்று நினைக்கும் நாளில் நிலைக்காது என்பதற்கு இது ஒரு பாடம்.

இலங்கையின் வழி வேறு

அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள தீவைப் பார்ப்போம். இலங்கையில் 5 முதல் 14 வயது வரை பள்ளி செல்வது 1998இல் கட்டாயமாக்கப்பட்டு, 2016இல் 16 வயது வரை நீட்டிக்கப்பட்டது. சிங்கப்பூரைப் போல, வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு விண்ணப்பம், விலக்கு, அளவுகோல் என்ற தெளிவான ஏற்பாடு அங்கே இல்லை.

தனியார் பள்ளிகளின் கதையும் விசித்திரமானது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு ஏற்றுக்கொண்டது. கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பள்ளி தொடங்கவும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. ஆகவே பின்னாளில் வந்த சர்வதேசப் பள்ளிகள், பள்ளியாகப் பதிவு செய்ய வழியின்றி, கம்பெனிச் சட்டத்தின் கீழ் நிறுவனங்களாகப் பதிவு செய்துகொண்டன. பெயர்ப் பலகையில் பள்ளி. பதிவேட்டில் வணிக நிறுவனம். ஒரு சட்டம் கதவை மூடும்போது மக்கள் ஜன்னல் வழியாக நுழைவார்கள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இலங்கை முஸ்லிம்கள் மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் சேர்த்துக் கொண்டுசெல்ல முயன்றவர்கள். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892இல் மத்ரஸாவாகத் தொடங்கிப் பெரும் பள்ளியாக வளர்ந்தது. பேருவளையில் நளீம் ஹாஜியார் 1973இல் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யாவும் இரு கல்வியையும் இணைக்கும் நோக்கத்தில் எழுந்ததே.

நம் நாட்டில் என்ன நிலை?

இனி சகோதரரின் கேள்விக்கு வருவோம். சிங்கப்பூர்ச் சட்டம் அங்கே வசிக்கும் அந்நாட்டுக் குடிமக்களுக்கானது. ஒலக்கூரில் இருக்கும் இந்தியப் பிள்ளைக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. நம் பிள்ளைக்குப் பொருந்துவது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள, 2009ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம். நம் நாட்டுத் தீவுகளான அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும்கூட இதே சட்டம்தான்.

6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை இது தருகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையை மீறும் பெற்றோருக்கு இச்சட்டத்தில் தண்டனை இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லே இதில் இல்லை. அனுமதியும் இல்லை, நேரடித் தடையும் இல்லை.

"தடை இல்லை அல்லவா, அது போதும்" என்று சிலர் மகிழ்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் அரசு ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருப்பதால் வீட்டில் படிக்கும் பிள்ளை கணக்கில் இருக்கிறது. இங்கே யாரும் கேட்பதில்லை. ஆகவே பிள்ளை கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. அதைக் கணக்கில் வைத்திருக்கும் முழுப் பொறுப்பும் தாய் தந்தையரின் தலையில் விழுகிறது.

இன்னொரு தவறான புரிதலும் உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மத்ரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. அதனால் மத்ரஸாவில் சேர்ந்தால் பள்ளிப் படிப்புக் கணக்காகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. விலக்கு நிறுவனத்திற்குத்தான். மத்ரஸாவில் கழித்த மூன்று ஆண்டுகள் பள்ளிப் பதிவேட்டில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளாக மாறிவிடாது.

அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவதை 18ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை. தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. எனவே "இஸ்லாமிய வீட்டுக் கல்வி மையம்" என்று கட்டணம் வாங்கும் இடங்களில் பிள்ளையைச் சேர்க்குமுன் அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

கணக்குக் கொடுப்பது நமக்குப் புதிதா?

தேர்வு என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஹிஃப்ளு மத்ரஸாவில் "மனனம் செய்துவிட்டேன்" என்று மாணவர் சொன்னால் உஸ்தாத் விட்டுவிடுவாரா? அன்றாடம் சபக் கேட்பார். பழைய பாடத்தைக் கேட்பார். தவ்ர் முடித்து முழுவதையும் ஒப்புவித்த பிறகே ஹாஃபிழ் என்று ஏற்பார். பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுத்தறிந்தவர்கள் மதீனாச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதைச் சீறா நூல்களில் படிக்கிறோம். சிறுவர்கள் கற்றுக்கொண்டார்களா என்பதுதான் அங்கே பார்க்கப்பட்டது. குர்ஆனுக்கு இவ்வளவு கண்டிப்பாகக் கணக்குக் கேட்கும் நாம், கணக்குப் பாடத்திற்கும் தமிழுக்கும் கணக்குக் கேட்கக் கூடாதா?

இதை நாம் அனுபவித்தும் சொல்கிறோம். எட்டாம் வகுப்போடு மத்ரஸாவில் சேர்ந்த நாம், ஓதி முடித்த பிறகு, மீசை முளைத்த வயதில் பள்ளிப் பிள்ளைகளின் நடுவே அமர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினோம். கையில் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்ததால் அது முடிந்தது. பின்னர் பட்டப்படிப்பும் முடித்தோம். உடன் ஓதியவர்களில் மாற்றுச் சான்றிதழ்கூட வாங்காமல் வந்தவர்கள் இருந்தார்கள். அறிவில் நம்மைவிட மேலானவர்கள். அவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவது: முடிந்தவரை பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் வைத்துக்கொண்டே, ஃபஜ்ருக்குப் பின்னும் மாலையிலும் ஹிஃப்ளு ஓத வையுங்கள். கூடுதல் காலம் பிடிக்கும். ஆனால் எதையும் இழக்க வேண்டியதில்லை.

இரண்டாவது: நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது: 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் பிள்ளையின் வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர்க்கலாம். விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் 4ஆம் பிரிவு தருகிறது. ஒலக்கூர் ஒன்றியத்தில் இருப்பவர்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பெறலாம்.

நான்காவது: 12½ வயது நிறைந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத அரசுத் தேர்வுகள் இயக்ககம் வாய்ப்பளிக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயதில் பத்தாம் வகுப்பிலும், 15 வயதில் பன்னிரண்டாம் வகுப்பிலும் சேரலாம். பின்னால் என்ன படிப்பு, என்ன வேலை என்று யோசித்து, அங்கே எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்பதை முன்பே விசாரித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாவது: ஜமாஅத்துகளின் பொறுப்பு. நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கும் நாம், மஹல்லாவில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு பதிவேடு வைக்கலாம். தனித்தேர்வு அறிவிப்பு வரும்போது அதை எடுத்துப் பார்த்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கலாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இருமடங்கு கவனம் தேவை. ஆண் பிள்ளை பின்னாளில் தானே அலைந்து தேர்வு எழுதிக்கொள்வான். பெண் பிள்ளைக்குத் திருமணத்திற்குப் பின் அந்த வாய்ப்பு எளிதில் வருவதில்லை.

சகோதரரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம். "உங்கள் மகளுக்கு 14 வயது ஆகும்போது அவள் கையில் என்ன காகிதம் இருக்கும்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் ஹஜ்ரத்" என்றார். அடுத்த வாரம் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, காலையும் மாலையும் ஓத வைப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். ஹிஃப்ளு முடிய ஓரிரு ஆண்டுகள் கூடுதலாகலாம், பரவாயில்லை என்றார் அந்தத் தாய்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் இரு கல்வியையும் பாதுகாக்கும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.