உங்களுக்குத் தெரியுமா? டைட்டானிக்கில் போனவரின் பெயர் தாங்கிய ரயில் ஊர்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர் மெல்வில். ஊருக்காக ரயில் வரவில்லை. ரயிலுக்காகத்தான் ஊரே வந்தது. நீராவி இன்ஜின் சுமார் 200 கிலோமீட்டர் ஓடினால் நிலக்கரி, மாற்று ஆட்கள் எல்லாம் வேண்டும். அதற்காக கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்வே தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று இது. ஸ்டேஷன் கட்டியது 1908-ல்.

இந்தப் பாதையில் பல ஸ்டேஷன்களின் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வரும்! மெல்வில்லுக்கு மேற்கே ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டுனா, ஜாஸ்மின், கெல்லிஹர், லெஸ்டாக். இன்னும் போனால் யங், ஜெல்மா. இஸட் முடிந்ததா? அடுத்த ஊர் ஆலன், மறுபடியும் 'ஏ'.

ஆனால் மெல்வில் இந்த வரிசைக்குள் அடங்காது. அது கம்பெனித் தலைவர் சார்ல்ஸ் மெல்வில் ஹேஸின் பெயர். ஒட்டாவாவில் தம் கம்பெனி கட்டிய ஷாட்டோ லோரியே ஹோட்டலின் திறப்பு விழாவுக்காக, 1912 ஏப்ரலில் லண்டனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஏறிய கப்பல் டைட்டானிக். மனைவியும் மகளும் உயிர்காக்கும் படகில் தப்பினார்கள். அவரும் மருமகனும் உயிரிழந்தார்கள். ஏப்ரல் 26-ல் நடக்கவேண்டிய விழா நின்றுபோய், ஹோட்டல் ஜூனில்தான் திறந்தது. அவர் கனவு கண்ட பாதை 1914-ல் பசிபிக் கரையைத் தொட்டது. ஐந்தே வருடத்தில், 1919-ல், கம்பெனி திவாலாகி அரசின் கைக்குப் போனது.

அந்நாளைய ஸ்டேஷன்களில் தண்டவாளத்தை நோக்கிப் புடைத்து நிற்கும் ஜன்னல் ஒன்று இருக்கும். தந்தி மேஜையில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் ரயில் வருகிறதா என்று பார்க்கத்தான் அது. தந்தியில் வரும் உத்தரவை மெல்லிய தாளில் எழுதி, நீண்ட பிடியுள்ள வளையத்தில் செருகி, ஓடும் ரயிலை ஒட்டி நின்று ஸ்டேஷன் ஏஜென்ட் தூக்கிப் பிடிப்பார். இன்ஜினிலிருப்பவர் கையை நுழைத்து வளையத்தைப் பிடித்து, தாளை உருவிக்கொண்டு வளையத்தை வீசிவிடுவார். பனி கொட்டும் இரவிலும் ஏஜென்ட் போய்த் தேடி எடுத்துவர வேண்டும். எதிரெதிரே வரும் ரயில்கள் மோதாமல் காத்ததில் இந்த ஏஜென்ட்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வரலாற்றில் இவர்கள் பெயர் இல்லாதது பெரும் குறை.

அப்படிப்பட்ட பழைய ஸ்டேஷன் ஒன்று 1982-ல் டொராண்டோவில் இரவோடு இரவாக இடிக்கப்பட, மக்கள் கொதித்தார்கள். 1988-ல் பாரம்பரிய ரயில் நிலையங்களைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது.

டொராண்டோ–வான்கூவர் ரயில் மெல்வில் வழியாகத்தான் போகிறது. கனடாவில் இருக்கும் நம்மவர்கள் அந்தப் பக்கம் போனால், 1908-ன் அந்த ஸ்டேஷனை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.